படுத்த தக்கை

விரல்கள் மரத்துப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி ஜெனீவாவிடம்கூட. புற்றுநோய் போய்விட்டது, உடம்பில் ஒரு பொட்டுகூட இல்லை என்று ஆகஸ்டில் டாக்டர் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோரும் எழுந்து நின்று எனக்காகக் கைதட்டினார்கள். ஆறு மாதம் என் பெயரைச் சொல்லி ஜெபம் செய்த ஜனங்கள். அவர்களிடம் போய், எல்லாம் சரிதான், ஆனால் அந்த மருந்து என் பத்து விரல்களின் நுனியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? உயிர் திரும்பக் கிடைத்தவன் விரலுக்கு அழுதால் நன்றாகவா இருக்கும்? "நன்றியோட இரு டாய்ல்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டிவைத்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் நான் விரலால் மீன் பிடிக்கிறவன். கோடையில் பாஸ் மீன் பிடிக்க விரல் வேண்டாம். அது வந்து மோதுகிற வேகத்தில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான். குளிர்காலம் அப்படியில்லை. ஜனவரியில் எங்கள் டென்னசி ஏரியின் தண்ணீர் உறைவதற்குப் ஐந்தாறு டிகிரிதான் மிச்சம் இருக்கும். பாறைச் சரிவை ஒட்டி பாஸ் அரைத்தூக்கத்தில் மிதந்துகொண்டிருக்கும். வாயைத் திறக்கும், இரை உள்ளே போகும், மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். இழுப்பெல்லாம் கிடையாது. நனைந்த சருகு ஒன்று ஒட்டிக்கொண்டதுபோல தூண்டில் நரம்பில் ஒரு சிறு கனம் தெரியும். அதைப் பிடிக்க, தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலின் நுனியில் ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாற்பது வருடம் அப்படித்தான் காத்திருந்தேன். இந்த ஏரியில் குளிர்கால பாஸ் பிடிக்கத் தெரிந்தவன் யார் என்று படகுத்துறையில் கேட்டால் என் பெயரைத்தான் சொல்வார்கள். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் உண்மை.

போன நவம்பரிலும் டிசம்பரிலும் பதினோரு தடவை தனியாகப் போனேன். ஒரு மீன்கூட இல்லை. மீன் கடிக்காமல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் இரையாகக் கட்டிய ரப்பர் மீனை மேலே இழுத்துப் பார்த்தால் அதன் வால் கடிபட்டிருக்கும். மீன் வந்து, வாயில் போட்டு மென்று, பிடிக்காமல் துப்பிவிட்டுப் போயிருக்கிறது. நான் மேலே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறேன். பதினோராவது தடவை அந்த வாலைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, படகிலேயே அழுதேன்.

கிறிஸ்துமஸுக்கு முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு நாள். அன்றைக்கும் கடி தெரியவில்லை என்றால் படகையும் தூண்டில்களையும் மருமகன் கர்ட்டிஸிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவது. ஜெனீவாவிடம், "இந்தக் குளிர் ஒத்துக்கல" என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

ஜனவரி மூன்றாவது வாரம் அக்கா ஒலீட்டா போன் செய்தாள்.

"டேய், நாளைக்குக் காலைல என்னோட ஏரிக்கு வா. என் மோட்டார் மக்கர் பண்ணுது. கூட ஒரு ஆள் வேணும்."

"ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா?"

"கெடைச்சாங்க. எல்லாரும் நல்ல மனுஷங்க. படகு முழுகினா பாவம், அதான் உன்னைக் கூப்பிடறேன்."

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். இந்த மார்ச்சில் அறுபத்தெட்டு முடிகிறது. படகுத்துறைக் கடையில் முப்பது வருடம் இரையும் ஐஸும் விற்றவள். வாய் நீளம். எனக்கும் அவளுக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் தீராத பகை. அவள் நரம்பில் மிதக்கிற தக்கை கட்டி மீன் பிடிப்பாள்.

தக்கை என்பது எங்கள் குடும்பத்தில் சின்னப் பிள்ளைகள் குட்டையில் மண்புழு கட்டிப் போடுகிற சமாசாரம். பெரியவனாகிவிட்டால் அதைத் தூர எறிந்துவிட வேண்டும். என் படகில் தக்கை ஏறக் கூடாது என்று ஒரு சட்டமே வைத்திருந்தேன். ஒரு முறை அவள் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டாள். நான் எதிர்க்கரையில் படகை நிறுத்தி, "எறங்கு, நடந்து போ" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவள் இறங்கி நடந்தே போய்விட்டாள். நாலு மைல். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. தப்பு என்மேல்தான், ஆனால் அதை அன்றைக்கு யார் ஒத்துக்கொண்டார்கள்?

சரி, கடைசி நாள் அவளோடு போகட்டும் என்று என்னுடைய குட்டைத் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனேன். துறையில் அவளுடைய அலுமினியப் படகின் பலகை எல்லாம் உறைபனி பூத்திருந்தது. அக்கா பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

"மக்கர் பண்ணுதுன்னே?"

"உன் மூஞ்சியப் பாத்து பயந்துடுச்சு. உக்காரு."

கழுதைத்தாடைப் பாறைக்குப் போனோம். அங்கே செங்குத்தான பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கரையிலிருந்து ஒரு படகு நீளம் தள்ளினால் நாற்பது அடி ஆழம். மெல்லிய காற்றில் தண்ணீர் சிலுசிலுத்துக்கொண்டிருந்தது. படகில் இரண்டு நீளத் தூண்டில் கம்புகள் கிடந்தன, ஒவ்வொன்றும் பத்தடி இருக்கும். அவை எதற்கு என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

முதல் ஒரு மணி நேரம் என் வழியில் பிடித்தேன். இரையைப் பாறை ஓரமாக இறக்கி, நரம்பை விரல் நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கவனித்தேன். ஒன்றும் இல்லை. சுவரில் விரலை வைத்தது மாதிரி இருந்தது. மேலே இழுத்தேன். வாலில் பல் பட்ட அடையாளம். அக்கா பார்ப்பதற்குள் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு வேறு இரை மாட்டினேன். கை அவசரத்தில் வழுக்கியது. மாட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"டேய், அது யார் ரத்தம்?"

படகின் தரையில் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு கிடந்தது.

"மீன் ரத்தம்" என்றேன்.

"இன்னும் ஒரு மீனும் பிடிக்கலையேடா நாம."

குனிந்து பார்த்தேன். தூண்டில் முள் என் கட்டைவிரலின் சதையில் வளைவு வரைக்கும் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. இரை விரலின் மறுபக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், பார்த்துவிட்டாளே, ஏதாவது சத்தம் போட வேண்டுமே என்று தோன்றியது. "ஆ" என்றேன். ரொம்பத் தாமதமான ஆ.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தடித்த நரம்பு ஒரு முழம் வெட்டி, முள்ளின் வளைவில் மடித்துப் போட்டு, முள்ளின் தலையைத் தன் கட்டைவிரலால் கீழே அழுத்திக்கொண்டாள். எங்கள் ஊரில் குத்தின முள்ளை இப்படித்தான் எடுப்பார்கள். வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இழுப்பதற்கு முன்னால் குத்துப்பட்டவனிடம் வேறு எதையாவது பேசிக் கவனத்தைத் திருப்புவார்கள்.

"நம்ம அம்மா அந்த மஞ்ச காரை யார்கிட்ட வித்தா?" என்றாள்.

"தபால்கார..." என்று ஆரம்பித்தேன். முள் வந்துவிட்டது. நான், "...னுக்குத்தான்" என்று முடித்தேன். குரல் கொஞ்சமும் ஆடவில்லை.

அவள் முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சின்ன வயசுல ஒரு முள்ளு குத்தினா ஊரையே கூட்டுவே நீ."

"குளிர்ல எல்லாருக்கும்தான் கை மரக்கும்."

"ஆமாமா" என்றாள். காயத்தைக் கழுவி, துணி வைத்து டேப் சுற்றினாள். அப்புறம் நீளக் கம்பு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். "அந்தக் கட்டைவிரலை வெச்சுக்கிட்டு உன் தூண்டிலைப் பிடிக்க முடியாது. இதைப் போடு."

கம்பின் நுனிக்குக் கீழே பத்தடி நரம்பு தொங்கியது. அதன் மேல் முனையில் எலுமிச்சம்பழ அளவுகூட இல்லாத ஒரு வெள்ளைத் தக்கை. கீழ் முனையில் ஈயத் தலை வைத்து, வாத்து இறகு சுற்றிய முள். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

"தக்கையா?"

"இல்ல, கல்யாணக் கேக்கு. போடுடா."

"யாராவது பாத்தா?"

"இந்தக் குளிர்ல ரெண்டு பைத்தியந்தான் ஏரில இருக்கு. இன்னொரு பைத்தியம் நான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கைப்பிடியைப் பிடித்தேன். அது வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தது. சைக்கிள் பிடிக்குச் சுற்றுகிற டேப்பை மூன்று நான்கு அடுக்கு சுற்றியிருந்தாள். உள்ளங்கை முழுவதும் நிறைந்தது. ஏன் இப்படி என்று யோசிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவன் எதை யோசிக்கிறான்?

பத்தடி நரம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வீசுவது சின்ன வேலை இல்லை. முதல் வீச்சு என் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. இரண்டாவது பாறையில் விழுந்தது. அக்கா மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள். மூன்றாவது சரியாக விழுந்தது. தக்கை நிமிர்ந்து நின்று, காற்று கிளப்பிய அலையில் ஏறி இறங்கியது. அது ஏற ஏறக் கீழே அந்த இறகு முள்ளும் ஏறி இறங்கும். சாகிற குட்டி மீன் அப்படித்தான் துடிக்கும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், காற்றே செய்துகொள்ளும். நல்ல யோசனைதான் என்று தோன்றியது. வாயைத் திறந்து சொல்லவில்லை.

தக்கை ஆடிக்கொண்டே இருந்தது. திடீரென்று ஆட்டம் நின்று ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது. தண்ணீர்மேல் தட்டையாகக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழுகட்டும் என்று காத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம் அதுதானே, மீன் கடித்தால் தக்கை முழுகும். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி நிமிர்ந்து நின்றது.

"அடிச்சிருக்கணும்டா, கம்பைச் சுண்டி!" என்று அக்கா கத்தினாள்.

"முழுகவே இல்லையே!"

"முழுகாது! முழுகறது கோடைல. இப்போ மீனு கீழேர்ந்து மெதுவா வந்து கவ்வி, அப்படியே கொஞ்சம் மேல தூக்கும். முள்ளோட பாரம் போயிடும். தக்கையை நிமித்திப் பிடிக்க ஒண்ணும் இருக்காது, படுத்துடும். படுத்தா அடிக்கணும். புரியுதா?"

"முப்பது வருஷமா இதைச் சொல்லவே இல்லையே."

"நீ எங்க கேட்டே? எறக்கிவிட்டுட்டுப் போனவன்தானே."

அடுத்ததையும் விட்டேன். புத்திக்குத் தெரிந்துவிட்டது, கைக்குத் தெரியவில்லை. தக்கை படுத்தபோது கை பழைய வழக்கப்படி விரல் நுனியில் ஒரு செய்தி வரட்டும் என்று காத்திருந்தது. வராத செய்திக்கு எத்தனை நாள்தான் காத்திருப்பது? அக்கா இந்தத் தடவை கத்தவில்லை. உப்பு பிஸ்கட்டில் டப்பா சாசேஜை வைத்து, கடுகு தடவி, "தின்னு" என்று நீட்டினாள். தின்றேன். கையைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டுக் கண்ணால் மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்து மறுபடி வீசினேன்.

அலை, தக்கை, அலை, தக்கை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குப் பொறுமை கிடையாது என்று ஊருக்கே தெரியும், அன்றைக்கு எங்கிருந்தோ வந்தது. தக்கை படுத்தது.

அடித்தேன்.

பத்தடிக் கம்பு பாதிக்கு மேல் வளைந்து நின்றுவிட்டது. ஒரு கணம் பாறையில் மாட்டிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அந்தப் பாறை ஆழத்துக்கு நடக்க ஆரம்பித்தது. கம்பின் துடிப்பு மணிக்கட்டில் ஏறியது, முழங்கையில் ஏறியது, தோளுக்கு வந்தது. எனக்குத் தெரிந்தது! விரலுக்குத்தான் தெரியவில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் தெரிந்தது. ஒவ்வொரு தலை உதறலும் முழங்கையில் வந்து இடித்தது. குட்டைத் தூண்டிலில் இது வந்திருக்காது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. தேவாலயத்தில் சொல்லக் கூடிய வார்த்தை எதுவும் அதில் இல்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

"மெதுவா, மெதுவா. நரம்பு நூல் மாதிரி இருக்குடா, அறுத்துடாதே. ஓடட்டும் விடு."

கம்பின் சுருளைத் தளர்த்தி ஓடவிட்டேன். திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. கடைசியில் படகின் ஓரமாகப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. நல்ல பழுப்பு நிறம், உடம்பில் கருங்கோடுகள், சிவந்த கண். நாலு பவுண்டுக்குக் குறையாது. முள் மேல்தாடையின் ஓரத்தில் இருந்தது. துளியூண்டு முள். அதைக் கழற்ற இரண்டு விரல் நுனி வேண்டும்.

அக்கா அசையவில்லை. கை நீட்டி அவளே எடுத்திருக்கலாம். எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் இரண்டு முறை முயன்றேன். விரல் முள்ளின்மேல் இருக்கிறதா மீன்மேல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. என் வீம்புக்கு அது ஏன் கஷ்டப்பட வேண்டும்?

"அக்கா, முள்ளை நீ எடுத்து விடு. என்னால முடியாது."

"ஏன் முடியாது?"

"விரல் நுனி எல்லாம் செத்துப்போச்சுக்கா. அந்த மருந்தால. எதைத் தொட்டாலும் ஒண்ணும் தெரியல. சூடும் தெரியல, வலியும் தெரியல."

அவள் குனிந்து ஒரே திருகில் முள்ளை எடுத்தாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நன்றி சொல்ற நாள் விருந்தன்னைக்கு, அடுப்புலேர்ந்து வான்கோழித் தட்டை வெறுங்கையால தூக்கிட்டு வந்து மேஜைல வெச்சே. நாங்க எல்லாரும் வாயைப் பொளந்து பாத்தோம். நீ 'குழம்பு எங்கே'ன்னு கேட்டே. மறுநாள் கொப்புளம். படகுக் கயிறு உரசிடுச்சுன்னே."

"ஜெனீவாவுக்கு?"

"அவதான்டா மொதல்ல கண்டுபிடிச்சா. அக்டோபர்லேர்ந்து உனக்கு டிச் பட்டன் வெச்ச சட்டையா ஏன் வாங்கறான்னு நெனச்சே?"

"தள்ளுபடில கெடைச்சுதுன்னா."

"உன்னைக் கட்டிக்கிட்டவ வேற என்ன சொல்லுவா பாவம்? நீயா சொல்ற வரைக்கும் யாரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு எங்ககிட்ட எல்லாம் சத்தியம் வாங்கிட்டா. என்னால சும்மா இருக்க முடியல. டிசம்பர் பூரா உக்காந்து இந்தக் கம்பைத் தயார் பண்ணேன். பிடிக்கு மட்டும் நாலு தடவை டேப்பைச் சுத்திச் சுத்திப் பிரிச்சேன், உன் கைக்கு எந்த அளவுன்னு தெரியாம."

என் சட்டையைக் குனிந்து பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை டிச் பட்டன். மூன்று மாதமாக ஒவ்வொரு காலையும் அதை அழுத்திப் போட்டுக்கொண்டு, சமாளித்துவிட்டேன் என்று பெருமைப்பட்டவன் நான். இத்தனை பேர் என்னைச் சுற்றி நின்று, நான் தடுக்கி விழாதபடி வழியில் கிடந்ததை எல்லாம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

மீன் இன்னும் என் கையில் இருந்தது. குளிர்காலத்தில் பிடித்த பாஸைச் சட்டென்று விட்டுவிடக் கூடாது. மூச்சு வாங்கிக்கொள்ளும் வரை தண்ணீருக்குள் ஏந்திப் பிடித்திருக்க வேண்டும். அது தயாராகிவிட்டதா என்று கைதான் சொல்லும், என் கை எங்கே சொல்கிறது? சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினேன். கையைத் தண்ணீருக்குள் விட்டு, மீனை முன்னங்கையின் உள்பக்கத்தில் படுக்க வைத்தேன். குளிர் சூடு போட்டதுபோல எரிந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவில் மீனின் வயிறு தெரிந்தது. செவுள் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது. முதலில் விட்டுவிட்டு, பிறகு சீராக. அப்புறம் வால் என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது.

"தேங்க்ஸ்க்கா" என்றேன்.

"மீனுக்குச் சொல்றியா எனக்குச் சொல்றியா?"

"உனக்குத்தான். அன்னைக்கு எறக்கிவிட்டதுக்கும் மன்னிச்சுடு."

"அதுக்கு மன்னிப்பெல்லாம் கெடையாது. சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன்." துண்டை எடுத்தாள். "கையைக் கொடு. வெறச்சு செத்துப்போகாதே, ஜெனீவாவுக்கு யார் பதில் சொல்றது?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் துண்டைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன். அன்றைக்குக் கையை நீட்டினேன். அவள் தன் மடியில் வைத்து முன்னங்கையைத் துடைத்தாள், உள்ளங்கையைத் துடைத்தாள், அப்புறம் ஒவ்வொரு விரலாக, டேப் சுற்றின கட்டைவிரலைச் சுற்றி மெதுவாக, நகக்கண் வரைக்கும் துடைத்தாள். விரல்களில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் துடைத்து முடிக்கிற வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.